'திங்'னா பொருளா, பஞ்சாயத்தா?

பக்கவாத்தியம் | 11 ஜூன் 2023, காலை 9:12

ஒரு சந்தேகம். ஸ்கூல்ல எங்க இங்கிலீஷ் சார் கட்டுரையில 'திங்'ங்கிற வார்த்தையைப் பாத்தாலே சிவப்பு பேனாவால வட்டம் போட்டு "சோம்பேறி வார்த்தை"ன்னு எழுதுவாரு. நேத்து ஐஸ்லாந்து பத்தி ஒரு வீடியோ பாத்தேன், அந்த ஊர் பார்லிமெண்ட் பேரு அல்திங்காம், அதுல வர்ற திங்கும் இங்கிலீஷ்ல நாம சொல்ற திங்கும் ஒரே வார்த்தைன்னு அந்த ஆள் போற போக்குல சொல்லிட்டு அடுத்த எரிமலைக்குப் போயிட்டான். இது நெஜமா, யூடியூப் கதையா? நெஜம்னா பார்லிமெண்டா இருந்த வார்த்தை எப்படி இந்த அளவுக்குக் கெட்டுப்போச்சு?

குறுக்கெழுத்து | 11 ஜூன் 2023, மதியம் 1:30

நெஜம். ஒரே வார்த்தைதான்.

ஆனா 'கெட்டுப்போச்சு'ங்கிறதுல எனக்கு சம்மதம் இல்ல. பழைய இங்கிலீஷ்ல திங்குக்கு சபை, கூட்டம்ங்கிற அர்த்தம் இருந்துச்சு. அந்தக் கூட்டத்துல என்ன நடக்கும்? வழக்கு பேசுவாங்க. அதனால வழக்குக்கும் அதே பேரு ஆச்சு. அப்புறம் வழக்குல பேசப்படுற சங்கதி, அப்புறம் எந்த சங்கதியும், அப்புறம் கண்ணுக்குத் தெரியுற பொருள், கடைசியா பேர் தெரியாத எல்லாமே. ஒவ்வொரு படியும் பக்கத்துப் படிதான், எங்கயும் தாவல் கிடையாது. இன்னைக்கு ஆபீஸ் மீட்டிங்ல நம்மாளு "த திங் ஈஸ்..."னு இழுக்கிறான் பாருங்க, அது பழைய 'சங்கதி' அர்த்தத்துக்கு ரொம்ப கிட்ட. "விஷயம் என்னன்னா"ன்னுதானே சொல்றான், கையில டம்ளரைத் தூக்கிக் காட்டலையே.

அல்திங்னா 'எல்லாருக்குமான திங்'. கி.பி. 930-ல ஆரம்பிச்சது, திங்வெத்லிர்ங்கிற வெட்டவெளியில. அந்த ஊர் பேர்லயும் திங் இருக்கு, 'திங் கூடுற மைதானம்'னு அர்த்தம்.

கறுப்புக் கோட்டு | 11 ஜூன் 2023, இரவு 9:55

வக்கீல்ங்கிற முறையில ஒண்ணு. இங்கிலீஷ்காரன் மட்டும் இல்ல சார், லத்தீன்லயும் இதே கதைதான். ரெஸ் ஜுடிகேட்டான்னு நாங்க நாலு நாளைக்கு ஒரு தடவை சொல்லுவோம், சிவில் புரொசீஜர் கோடு செக்‌ஷன் 11. ஏற்கெனவே தீர்ப்பான விவகாரத்தை அதே ஆளுங்க திரும்பக் கொண்டுவரக் கூடாதுன்னு. அதுல ரெஸ்னா என்ன? பொருள். லத்தீன்ல சொத்துக்கும் ரெஸ், வழக்குக்கும் ரெஸ். ரிபப்ளிக்ங்கிறதும் ரெஸ் பப்ளிகா, பொது விவகாரம். ரியல் எஸ்டேட்ல இருக்கிற ரியலும் அதே ரெஸ் குடும்பம்தான், அங்க 'உண்மை'ன்னு எதுவும் இல்லங்கிறதுக்கு அதுவே சாட்சி.

குறுக்கெழுத்து | 11 ஜூன் 2023, இரவு 10:20

கடைசி வரி அபாரம்.

லத்தீன்லயே இன்னொண்ணு இருக்கு, இதைவிட நெருக்கமா. கௌஸா. காரணம், வழக்கு. கேஸ் டைட்டில்ல காஸ்னு வருமே அது. அது தேய்ஞ்சு இத்தாலியன்லயும் ஸ்பானிஷ்லயும் கோசா ஆச்சு, பிரெஞ்சுல ஷோஸ் ஆச்சு. மூணுலயும் இன்னைக்கு அர்த்தம் வெறும் 'திங்'. சிசிலி மாஃபியா தன்னை கோசா நோஸ்ட்ரான்னு சொல்லிக்கிறானே, 'நம்ம விஷயம்', வார்த்தையோட பூர்வீகத்தைப் பாத்தா 'நம்ம கேஸ்'. பொருத்தமாத்தான் இருக்கு.

ஒண்ணுக்கொண்ணு சொந்தமில்லாத வார்த்தைங்க தனித்தனியா கோர்ட்டு வாசல்ல கிளம்பி ஒரே இடத்துல வந்து நிக்குது. அதனாலதான் கெட்டுப்போச்சுங்கிறதை ஒத்துக்க மாட்டேன்கிறேன். ஜனங்க பொதுவுல உக்காந்து வாய் விட்டுப் பேசுற இடம் பஞ்சாயத்து, அங்க 'இதப்பத்தி'ன்னு சுட்டுறதுக்கு ஒரு வார்த்தை தேவைப்படுது, அந்த வார்த்தை வீட்டுக்கும் வந்துடுது.

பக்கவாத்தியம் | 12 ஜூன் 2023, காலை 8:01

சரி, ஆனா இங்கிலாந்துல திங்குக்கு சபைன்னு அர்த்தம் இருந்ததுக்கு ஆதாரம்? ஐஸ்லாந்து, நார்வேன்னா ஒத்துக்கறேன், அவங்க இன்னும் வெச்சிருக்காங்க. இங்கிலீஷ்ல எங்க?

குறுக்கெழுத்து | 12 ஜூன் 2023, இரவு 11:47

கேட்டதுக்கு நன்றி, இதைச் சொல்லணும்னுதான் காத்துட்டு இருந்தேன். நீளமா வரும், பொறுத்துக்குங்க.

இங்கிலாந்துல அப்ப தனி நாடா இருந்த கென்ட்ல ஹ்லோத்ஹெர, எயட்ரிக்னு ரெண்டு ராஜா. ஹ்லோத்ஹெர 673-லேர்ந்து 685 வரைக்கும், எயட்ரிக் அவருக்கு அப்புறம் கொஞ்ச நாள். இவங்க ரெண்டு பேர் பேர்ல ஒரு சின்ன சட்டத் தொகுப்பு இருக்கு. அசல் ஏடு இல்ல, 12-ஆம் நூற்றாண்டுல ராசெஸ்டர்ல எழுதின பிரதி ஒண்ணுதான் மிச்சம், டெக்ஸ்டஸ் ரொஃபென்சிஸ்னு பேரு. அந்தப் புத்தகம் 18-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல படகுல போறப்ப தண்ணிக்குள்ள விழுந்து எடுத்திருக்காங்க, இன்னும் ஈரக்கறை இருக்கு. அது முங்கியிருந்தா இந்த இழையே இல்ல. அதுல எட்டாவது விதி இப்படிப் போகுது, தமிழ்ல எழுதினா கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும்:

"கிஃப் மன் ஓதெர்னெ சகெ டிஹ்டெ, அண்ட் ஹெ தானெ மன்னன் மோட்டெ அன் மெத்லெ ஒத்தெ அன் திங்கெ..."

அதாவது: ஒருத்தன் இன்னொருத்தன் மேல குத்தம் சாட்டி, அந்த ஆளை மன்றத்துலயோ திங்குலயோ சந்திச்சா, குத்தம் சாட்டப்பட்டவன் மத்தவனுக்கு ஜாமீன் குடுக்கணும், கென்ட்காரங்களோட நீதிபதிங்க என்ன விதிக்கிறாங்களோ அந்த நியாயத்தைச் செய்யணும்.

திங்கெ, அங்கயே இருக்கு பாருங்க. ஏழாம் நூற்றாண்டு. வைக்கிங் படகு இங்கிலாந்துக் கரையில வந்து இறங்குறதுக்கு நூறு வருஷம் முன்னாடி. அதனால 'இது டேனிஷ்காரன் கொண்டுவந்த அர்த்தம்'னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அது மட்டும் இல்ல. இந்த ஒரே வாக்கியத்துக்குள்ள இன்னைக்கு இங்கிலீஷ்ல உயிரோட இருக்கிற வார்த்தைங்க எத்தனை வேஷம் மாத்தி உக்காந்திருக்கு பாருங்க. 'சகெ', குத்தச்சாட்டு, வழக்கு. அதுதான் இன்னைக்கு 'ஃபார் காட்ஸ் சேக்'ல வர்ற சேக். 'மோட்டெ', இன்னைக்கு மீட். ஜாமீன் குடுக்கணும்ங்கிற இடத்துல வர்ற வினை 'கெஸெல்லெ', அதுதான் இன்னைக்கு செல், விக்கிறது. அப்ப செல்லுன்னா வெறும் குடுக்கிறதுதான், காசு பேச்சே இல்ல. நீதிபதிங்களுக்கு 'தேமன்', அதுக்கு ஒட்டின சொந்தம் டூம். டூம்னா அழிவு, நாசம் இல்ல, தீர்ப்பு. சட்டத்தையே டூம்னுதான் சொல்லுவாங்க. கிங்டம், ஃப்ரீடம்ல கடைசியா ஒட்டிக்கிட்டு இருக்கிற டம் கூட அதுதான். நீதிபதி விதிக்கிறதுக்கு 'கெஸ்க்ரிஃபென்', அது பின்னாடி பாவமன்னிப்பு சொல்ற பாதிரிகிட்ட போய் ஷ்ரைவ் ஆயிடுச்சு.

ஒரு வழக்கு விதி, மொத்தக் குடும்பமும் ஆஜர்.

ஒஸ்லோக் குளிர் | 13 ஜூன் 2023, காலை 4:38

வணக்கம். நான் கனகாலமா நோர்வேயில, இரவு வேலை முடிச்சு வந்து இதை வாசிச்சுக்கொண்டிருக்கிறன். எழுதுறேல்ல, வாசிக்கிறதோட சரி. ஆனா அந்தக் கென்ட் வசனத்தைப் பாத்தாப் பிறகு நித்திரை வரேல்ல.

ஏனெண்டா அது எனக்கு விளங்குது! இங்கிலீசால இல்லை, நொர்ஸ்க்கால, நோர்வே மொழியால. சகெ எண்டதை நாங்கள் சாக் எண்டு சொல்லுவம், கேஸ். மோட்டெ எண்டா இஞ்ச மோத்தெ, சந்திக்கிறது. திங்கெ, திங். தேமன் எண்டா தொம்மர், நீதிவான். கெஸெல்லெ எண்டா செல்கெ, ஆனா இஞ்சயும் விக்கிறதுதான். நியாயத்துக்கு அதில என்ன சொல்? ரிஹ்ட் எண்டா அதுவும் ரெத், எங்கட நீதிமன்றத்துக்கே அதுதான் பெயர், திங்ரெத்.

நான் இஞ்ச வந்த புதிசில முதல் படிச்ச நொர்ஸ்க் சொல்லு 'சாக்'. உங்கட சாக் இன்னும் பாக்கேல்ல, உங்கட சாக் நிலுவையில, சாக் நம்பர் என்ன எண்டு கேட்டுக் கேட்டே அந்தச் சொல்லு மண்டைக்குள்ள ஏறிப்போச்சு. அரைவாசி வாழ்க்கை சாக்தான். அது 'ஃபார் காட்ஸ் சேக்' எண்ட சேக்தான் எண்டு இண்டைக்குத்தான் தெரியும், அந்த நாளையில தெரிஞ்சிருந்தா அவையளுக்கே சொல்லியிருப்பன்.

பக்கவாத்தியம் | 13 ஜூன் 2023, காலை 7:50

அண்ணே தினமும் எழுதுங்க. இந்த இழைக்கே இப்பதான் உயிர் வந்திருக்கு.

குறுக்கெழுத்து | 13 ஜூன் 2023, காலை 10:15

ஒஸ்லோ அண்ணே, அருமை. 'ரிஹ்ட்' சரிதான், அந்த விதியில அந்த வார்த்தையே இருக்கு.

சேக் பத்தி கொஞ்சம். பழைய சாசனங்கள்ல 'சேக் அண்ட் சோக்'னு ஒரு ஜோடி வரும், ஒரு பிரபுவுக்கு தன் நிலத்துல வழக்கு விசாரிக்கிற அதிகாரம்னு அர்த்தம். ஃபார்சேக்ங்கிறதும் இதே வீட்டுப் பிள்ளை, முதல்ல எதிர்த்துப் பேசுறது, மறுக்கிறது, அப்புறம்தான் கைவிடுறது. ஜெர்மன்ல ஸாஹென்னு இருக்கு, அதுக்கும் வழக்கு, விஷயம், பொருள்னு அதே மூணு படி. சேக் மட்டும் இங்கிலீஷ்ல வேற சந்துல திரும்பி 'ஒருத்தர் பொருட்டு'ன்னு ஆயிடுச்சு. 'அவர் தரப்பு வழக்குக்காக'ங்கிறது 'அவருக்காக' ஆனது பெரிய தூரம் இல்ல. பழைய இங்கிலீஷ்ல திங்கும் அந்த வேலையைச் செஞ்சிருக்கு, 'இன்னாரோட திங்குக்காக'ன்னா இன்னாருக்காகன்னு அர்த்தம்.

கறுப்புக் கோட்டு | 13 ஜூன் 2023, மாலை 6:30

மோட்டெ, மீட்டுன்னு சொன்னீங்க. அப்ப லா காலேஜ்ல நாங்க பண்ற மூட் கோர்ட்? இல்லாத கட்சிக்காரனுக்காக இல்லாத ஜட்ஜு முன்னாடி கோட்டு மாட்டிக்கிட்டு வேர்த்து விறுவிறுத்துப் பேசுவோமே, அது?

குறுக்கெழுத்து | 13 ஜூன் 2023, இரவு 8:05

அதேதான். திங்குக்கு உள்ளூர்ப் போட்டி மூட். கெமோட்னா கூட்டம், ஷையர்மூட்னா மாவட்டத்துக்கு, விட்டெனகெமோட்னா ராஜாவுக்கு யோசனை சொல்ற பெரியவங்க கூட்டம். இங்கிலாந்துல சபைங்கிற அர்த்தத்தை மூட் எடுத்துக்கிட்டதால திங்குக்கு அந்த வேலை இல்லாமப் போச்சு, அது சும்மா பொருளா ஊர் சுத்த ஆரம்பிச்சுடுச்சுன்னு எனக்கு ஒரு எண்ணம். ஸ்காண்டிநேவியாவுல போட்டி இல்ல, அதனால திங் நாற்காலியை விடவே இல்ல. இது என் ஊகம்தான், பல்கலைக்கழக முத்திரை எதுவும் இல்ல.

மூட் பின்னாடி லண்டன் இன்ஸ் ஆஃப் கோர்ட்ல பசங்க வாதாடிப் பழகுற பயிற்சிக்குப் பேர் ஆச்சு. மூட் பாயிண்ட்னா அங்க வாதாட வேண்டிய, ரெண்டு பக்கமும் பேச இடமுள்ள கேள்வி. அமெரிக்காவுல அதே மூட் பாயிண்ட்னா 'இனி பேசி என்ன புண்ணியம்'. பயிற்சி வழக்குல யாருக்கும் நெஜமா ஜெயிலும் கிடையாது, நஷ்டஈடும் கிடையாது இல்லையா, அந்த வழியில போயிருக்கு. ஒரே சொல்லுக்கு நேரெதிர் ரெண்டு அர்த்தம். எங்க பேப்பர் டெஸ்க்ல அமெரிக்க நியூஸ் ஏஜென்சி செய்தி வந்தா இந்த வார்த்தையை முதல்ல மாத்திட்டுத்தான் மத்ததைப் படிப்பேன்.

கறுப்புக் கோட்டு | 13 ஜூன் 2023, இரவு 8:40

நம்ம கோர்ட்ல ரெண்டு அர்த்தத்துலயும் கேட்டிருக்கேன், ஒரே ஹியரிங்ல, ஒரே வக்கீல் வாயால.

ஸ்டுட்கார்ட் மாப்ள | 14 ஜூன் 2023, மதியம் 2:22

ஜெர்மன் கிளாஸ் போயிட்டு இருக்கேன், பி1 லெவல். டிங்னா பொருள், அவ்ளோதான் புக்ல. ஆனா இதைப் படிச்சதுக்கு அப்புறம் பேடிங்குங், நிபந்தனை, உன்பேடிங்ட், நிபந்தனை இல்லாம, கண்டிப்பா, இதுலெல்லாம் டிங் ஒளிஞ்சிருக்கேன்னு தோணுது. டீச்சர்கிட்ட கேட்டேன், சும்மா மனப்பாடம் பண்ணுன்னுட்டாங்க.

குறுக்கெழுத்து | 14 ஜூன் 2023, இரவு 9:10

மாப்ள, மனப்பாடம் பண்ணுங்க, ஆனா ஒளிஞ்சிருக்கிறது நெஜம். பேடிங்கன்னா முதல்ல பேரம் பேசி, சபையில பேசி முடிவு பண்றது. டிங்ஃபெஸ்ட்னு ஒரு வார்த்தை படிச்சிருக்கீங்களா? ஒருத்தனைப் பிடிச்சு உள்ள வெக்கிறதுக்கு 'டிங்ஃபெஸ்ட் மாஹென்'னு சொல்லுவாங்க. டிங்குக்கு, அதாவது விசாரணைக்கு, கட்டிப்போடுறது. பொருள்ங்கிற அர்த்தத்தை வெச்சுப் பாத்தா அந்தத் தொடர் புரியவே புரியாது.

இதைவிட மறைவானது ஃபெர்டைடிகன், தற்காத்துக்கிறது, ஃபுட்பால்ல டிஃபென்ஸ் கூட அதுதான். அதுல டிங் எங்கன்னு கேப்பீங்க. நடுக்கால ஜெர்மன்ல தகெடிங்க்னு ஒரு சொல், 'நாள் குறிச்ச டிங்', வாய்தா மாதிரி. அது சுருங்கி டைடிங் ஆச்சு, அதுல ஃபெர் முன்னாடி ஒட்டி ஃபெர்டைடிகன். வாய்தாவுக்கு ஆஜராகிப் பேசுறதுதான் தற்காப்பு. கறுப்புக் கோட்டு சார் சந்தோஷப்படுவாரு.

வாய்தான்னதும் ஞாபகம் வருது. கோதிக்னு செத்துப்போன பழைய ஜெர்மானிய மொழி ஒண்ணு, அதுல தைஹ்ஸ்னா 'காலம்', திங்கோட ஒட்டின சொந்தம். அதனால திங்கோட ஆதி அர்த்தமே 'குறிச்ச நேரம்'தான், அந்த நேரத்துல கூடுறதால கூட்டம் ஆச்சுங்கிறாங்க. முதல்ல கூட்டத்துலேர்ந்து படிக்கட்டை ஆரம்பிச்சேன், இப்ப அதுக்குக் கீழ இன்னொரு படி.

ஒஸ்லோக் குளிர் | 15 ஜூன் 2023, காலை 5:02

குறிச்ச நேரம் எண்டதுக்கும் தமிழ் ஆக்களின்ர கூட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆறு மணி எண்டா எட்டரை.

குறுக்கெழுத்து | 15 ஜூன் 2023, காலை 9:44

அண்ணே, தமிழன் மட்டும் இல்ல! டாசிட்டஸ்னு ரோமானிய வரலாற்றாசிரியர், கி.பி. 98 வாக்குல ஜெர்மானியக் குடிகளைப் பத்தி எழுதினவர், அவரே புலம்பியிருக்காரு. அமாவாசை அல்லது பௌர்ணமிக்குக் கூடுவாங்களாம், ஆனா சொன்ன நாள்ல ஒருத்தனும் வரமாட்டானாம், எல்லாரும் வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு மூணு நாள் வீணாயிடுமாம். சுதந்திரமா இருந்து பழகினதோட கோளாறுங்கிறாரு. எங்க அபார்ட்மெண்ட் அசோசியேஷன் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டிருந்தா ஒரு புதுப் புத்தகமே எழுதியிருப்பாரு.

ஆயுதத்தோடதான் வருவாங்க. பேசினது பிடிக்கலைன்னா முணுமுணுப்பு, பிடிச்சா ஈட்டியை ஆட்டிச் சத்தம். லொம்பார்டுகள்ங்கிற ஜெர்மானியக் குடி இத்தாலிக்கு வந்து 643-ல ரொதாரி ராஜா சட்டம் போட்டப்ப அதை கைரெதிங்ஸ்னு ஒரு சடங்கால உறுதிப்படுத்தினாங்க. 'ஈட்டித் திங்'. டாசிட்டஸ் சொன்னதுக்கும் இதுக்கும் நடுவுல ஐநூறு வருஷத்துக்கு மேல, ஈட்டி மட்டும் அப்படியே கையில.

பக்கவாத்தியம் | 16 ஜூன் 2023, இரவு 10:30

அல்திங் கதை ஏதாவது சொல்லுங்க, நான் அதுக்குத்தானே வந்தேன்.

குறுக்கெழுத்து | 18 ஜூன் 2023, காலை 11:20

ஞாயித்துக்கிழமை, எழுதறேன்.

ஐஸ்லாந்துல ராஜா கிடையாது. லக்சோகுமதர்னு ஒருத்தர், சட்டம் சொல்றவர். எழுத்துல எதுவும் இல்லாத காலத்துல அவர் லக்பெர்க்ங்கிற பாறை மேல நின்னு வருஷத்துக்கு மூணுல ஒரு பங்கு சட்டத்தை மனப்பாடமா ஒப்பிப்பாரு. மூணு வருஷம் அவர் பதவி, அதுக்குள்ள முழுச் சட்டமும் ஊர் காதுல விழுந்துடும்.

1000-ஆம் வருஷம் வாக்குல ஊரே ரெண்டா பிரிஞ்சது, கிறிஸ்தவத்துக்கு மாறினவங்க ஒரு பக்கம், பழைய தெய்வங்களைக் கும்பிடுறவங்க ஒரு பக்கம். ரெண்டு சட்டம், ரெண்டு சபைன்னு பிரியுற நிலை. முடிவை சட்டம் சொல்றவர் தோர்கெய்ர்கிட்ட விட்டாங்க, அவரோ பழைய மதக்காரர். ஒரு பகல் ஒரு ராத்திரி போர்வையைத் தலையோட மூடிக்கிட்டுப் பேசாம படுத்துக் கிடந்திருக்காரு. எழுந்து வந்து, எல்லாரும் ஞானஸ்நானம் வாங்கணும், ஆனா குதிரைக்கறி தின்னலாம், வேண்டாத சிசுவை வெளியில போட்டுச் சாக விடுற பழைய வழக்கத்துக்குத் தடை இல்ல, வீட்டுக்குள்ள ரகசியமா பழைய தெய்வத்துக்குப் பலி குடுத்தா கேஸ் இல்ல, சாட்சி வந்தாத்தான் கேஸ்னாரு. அந்த சலுகைங்க கொஞ்ச வருஷத்துல போயிடுச்சு. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. கத்தியை எடுக்கல. சலுகையில ஒண்ணு இன்னைக்குக் கேட்டா வயித்தைப் பிசையுது, அதையும் சேத்துத்தான் சொல்லணும், சும்மா 'உலகின் முதல் ஜனநாயகம்'னு வீடியோவுல புல்லரிச்சுட்டுப் போக முடியாது. தண்டனை வாங்கின பொண்ணுங்களை அமுக்கிக் கொன்ன குளம் கூட, பிற்காலத்துதான், அதே மைதானத்துல இருக்கு.

1800-ல அல்திங்கைக் கலைச்சாங்க, 1845-ல ரெய்க்யவிக்ல திரும்பக் கூடுச்சு. அதனால 'இடைவிடாம நடக்கிற பழம்பெரும் பார்லிமெண்ட்'னு யாராவது சொன்னா, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவுல ஐல் ஆஃப் மேன்னு குட்டித் தீவு இருக்கே, அந்த ஊர்க்காரன் சண்டைக்கு வருவான். அது தனி.

ஒஸ்லோக் குளிர் | 19 ஜூன் 2023, காலை 4:50

எங்கட ஸ்டோர்திங்கையும் சொல்லுங்கோ, நோர்வே பார்லிமெண்ட், 'பெரிய திங்' எண்டு அர்த்தம், 1814-ல தொடங்கினது. 2009 வரைக்கும் ஸ்டோர்திங் தன்னைத்தானே ஓடல்ஸ்திங், லாக்திங் எண்டு ரெண்டாப் பிரிச்சுச் சட்டம் பாத்தது. மேல் நீதிமன்றங்களுக்கும் பழைய திங்குகளின்ர பெயர்தான், பேர்கன் பக்கம் குலாதிங், ஒஸ்லோவில போர்கார்திங். 2021-ல யாழ்ப்பாணத்தில பிறந்த கம்சாயினி குணரத்தினம் ஸ்டோர்திங்குக்குத் தெரிவானா, அண்டைக்கு எங்கட வீட்டில எல்லாரும் இரவிரவா டிவிதான்.

இன்னொண்டு. நொர்ஸ்க்கில 'என் திங்' எண்டா ஒரு பொருள், 'எத் திங்' எண்டா ஒரு சபை. பால் மாறினா அர்த்தம் மாறிடும். படிப்பிச்ச ரீச்சர் இதைச் சொல்லித் தரேல்ல, ஒரு கூட்டத்தில நான் மாறிச் சொல்லி எல்லாரும் சிரிச்சவை.

பிறகு தொம்மர் எண்டு சொன்னனான்தானே. ஃபுட்போல் றெஃபறிக்கும் தொம்மர்தான். அப்ப கென்ட் ராசாவின்ர நீதிபதிமாரும் விசிலோட வந்தவையோ?

ஸ்டுட்கார்ட் மாப்ள | 19 ஜூன் 2023, காலை 11:15

எத்தனை மஞ்சக் கார்டுன்னு எட்டாவது விதியில போட்டிருக்கும்.

குறுக்கெழுத்து | 20 ஜூன் 2023, இரவு 11:02

நம்ம ஊருக்கு நேரடியா வந்து சேர்ந்த திங் ஒண்ணு இருக்கு, யாரும் கவனிக்கல. ஹஸ்டிங்ஸ். வாரன் ஹேஸ்டிங்ஸ் இல்ல, எலெக்‌ஷன் வந்தா இங்கிலீஷ் பேப்பர்ல 'கோஸ் டு த ஹஸ்டிங்ஸ்'னு தலைப்பு போடுவோமே, அது. நானே போட்டிருக்கேன், ஒரு காலத்துல யோசிக்காம.

வைக்கிங்குகளோட மொழியான பழைய நார்ஸ்ல ஹூஸ்-திங். வீட்டுத் திங். எல்லாரும் கூடுற பெருங்கூட்டம் இல்ல, ராஜாவோ தலைவனோ தன் வீட்டாளுங்களோட நடத்துற சின்னக் கூட்டம். அந்தப் பேர் லண்டன்ல கோர்ட் ஆஃப் ஹஸ்டிங்ன்னு ஒரு நீதிமன்றத்துக்கு ஒட்டிக்கிச்சு, கில்ட்ஹால்ல நடக்கும். அப்புறம் அங்க மேயரும் ஆல்டர்மன்ங்கிற நகரசபைப் பெரியவங்களும் உக்கார்ற மேடைக்கே பேர் ஆச்சு. அப்புறம் வேட்பாளர் ஏறி நிக்கிற மேடை, ஜனங்க முட்டை அடிக்க வசதியா. 1872-ல ரகசிய வாக்கெடுப்புச் சட்டம் வந்ததோட மேடை போயிடுச்சு, வார்த்தை பிரச்சாரம்ங்கிற அர்த்தத்துல தொங்கிட்டு இருக்கு. பிரிட்டன்ல இப்ப வேட்பாளருங்களை உக்கார வெச்சுக் கேள்வி கேக்குற கூட்டத்துக்குச் சொல்றாங்க. நம்ம பேப்பர்ல மொத்தத் தேர்தலுக்கே. வீட்டுக்குள்ள நடந்த கூட்டம் நாடு பூரா நடக்கிற தேர்தலா வளந்திருக்கு, அதனால ஜனநாயகமாச்சுன்னு சொல்ல வரல, குடும்பத்தோட நடத்துறது இங்க இன்னும் இருக்கு.

கறுப்புக் கோட்டு | 21 ஜூன் 2023, காலை 8:20

மேல கடைசி வரிக்கு எந்தக் கட்சின்னு யாரும் கேக்க வேண்டாம், இழை பூட்டிடுவாங்க.

ஸ்டுட்கார்ட் மாப்ள | 23 ஜூன் 2023, மாலை 4:40

டீன்ஸ்டாக், ஜெர்மன் செவ்வாக்கிழமை. அதுலயும் டிங் இருக்குன்னு ஒருத்தர் சொன்னாரு. டீன்ஸ்ட்னா சேவை, அதனால 'வேலை நாள்'னுதான் நான் நெனச்சிருந்தேன்.

குறுக்கெழுத்து | 24 ஜூன் 2023, மதியம் 12:08

சேவை இல்ல, அது ஒலி ஒத்துப்போறதால வர்ற மயக்கம். பெரும்பாலும் சொல்றது இது: ஹேட்ரியன் சுவர்ல ஹவுஸ்டெட்ஸ்னு ஒரு ரோமக் கோட்டை, இங்கிலாந்தோட வடக்கு எல்லைப் பக்கம். அங்க 1883-ல ஒரு பலிபீடக் கல் கிடைச்சது. ரோமப் படையில வேலை பாத்த ஜெர்மானியச் சிப்பாயிங்க மூணாம் நூற்றாண்டுல வெச்சது, 'மார்ஸ் திங்ஸஸ்'ங்கிற தெய்வத்துக்கு. திங்கோட மார்ஸ், சபையைக் காக்குற போர்த்தெய்வம். ரோமர்களுக்கு செவ்வாய் மார்ஸோட நாள். அந்த நாளுக்கு இங்கிலீஷ்காரன் டீவ்ங்கிற தெய்வத்தோட பேரை வெச்சு டியூஸ்டேன்னான், வடஜெர்மானியன் திங்ஸஸ் பட்டத்தை வெச்சு டிங்கெஸ்டாக்ன்னான், அதுலேர்ந்து டீன்ஸ்டாக். சிப்பாய் சம்பளத்துக்குப் போன இடத்துல ஊர்ப் பஞ்சாயத்துத் தெய்வத்தைக் கல்லுல வெட்டி வெச்சிருக்கான். எந்த அகராதியும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் குடுத்ததில்ல, அந்தக் கல்லோட போட்டோவையே வெகு நேரம் பாத்துட்டு இருந்தேன்.

பக்கவாத்தியம் | 27 ஜூன் 2023, இரவு 9:35

ஒரு ஓட்டை தெரியுது. திங்குக்கு 'பொருள்'னு அர்த்தம் வர்றதுக்கு முன்னாடி இங்கிலீஷ்காரன் பொருளை என்னன்னு சொன்னான்? அவனும் 'அந்த இது'ன்னு ஏதாவது சொல்லியிருக்கணுமே.

குறுக்கெழுத்து | 28 ஜூன் 2023, காலை 7:15

நல்ல கேள்வி. கொஞ்சம் திருத்தி: பழைய இங்கிலீஷ் ஏடுகள்லயே திங் பொருளாவும் வருது, ரெண்டும் கூடவே ஓடுது, ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு இல்ல. நான் மேல படிக்கட்டுன்னு சொன்னது வரிசையைக் காட்டத்தான், தேதி போட்டு இல்ல. 14-ஆம் நூற்றாண்டுல சாசர்ங்கிற இங்கிலீஷ் கவிஞர் ஒரு வக்கீலைப் பத்திச் சொல்றப்ப அவருக்கு 'திங்' எழுதத் தெரியும்ங்கிறாரு, பத்திரம் எழுதத் தெரியும்னு அர்த்தம். அவ்வளவு பின்னாடியும் சட்ட வாசனை போகல.

போட்டி வார்த்தை இருந்துச்சு, விஹ்ட். ஜீவன், ஏதோ ஒண்ணு. அதுதான் வைட், பழைய கதைகள்ல ஆவி, பேய்க்குச் சொல்றது. 'நா-விஹ்ட்', ஒண்ணும் இல்ல, அது சுருங்கி நாட் (naught), அதுவே இன்னும் சுருங்கி 'இல்ல'ங்கிற சாதாரண நாட் (not) ஆச்சு. ஜெர்மன் நிஹ்ட்டும் அப்படித்தான். இங்கிலீஷ்காரன் ஒவ்வொரு தடவை இல்லன்னு சொல்றப்பவும் உள்ள ஒரு குட்டிப் பேய் உக்காந்திருக்கு. விட்டும் அதே விஹ்ட்தான், அதனால 'நாட் எ விட்'னு, அதாவது 'துளிகூட இல்ல'ன்னு, சொல்றவன் அதே பேயை ரெண்டு தடவை கூப்பிடுறான்.

ஒஸ்லோக் குளிர் | 28 ஜூன் 2023, மாலை 3:30

சுவீடன்காரர் மாவட்ட சபைக்கு லாண்ட்ஸ்திங் எண்டு வச்சிருந்ததை 2020-ல சட்டப்படி றெகியோன் எண்டு மாத்திப்போட்டினம். ஆசுப்பத்திரி நடத்துறது அவைதான். என்ர தங்கச்சி கோத்தென்பர்க்கில, கேட்டா 'பேர் மாறினது, வரிசை மாறேல்ல' எண்டுறாள்.

கறுப்புக் கோட்டு | 2 ஜூலை 2023, இரவு 10:10

ஐல் ஆஃப் மேன் தனின்னீங்க, அப்படியே விட்டுட்டீங்க. ரெஸ் ஜுடிகேட்டா ஆகல, தொடரலாம்.

குறுக்கெழுத்து | 5 ஜூலை 2023, மாலை 5:25

நாள் பாத்துத்தான் வெச்சிருந்தேன். இன்னைக்கு அங்க டின்வால்ட் நாள். டின்வால்ட்ங்கிறது அந்தத் தீவோட பார்லிமெண்ட். பேரு வந்தது திங்-வத்லர்லேர்ந்து, திங் மைதானம், ஐஸ்லாந்து ஊர் பேரேதான். ஸ்காட்லாந்துல டிங்வால், ஷெட்லாந்துல டிங்வால், லிவர்பூல் பக்கம் திங்வால், வைக்கிங் போன இடமெல்லாம் இதே பேர். ஸ்காட்லாந்து டிங்வால்ல திங் கூடின மேடு இருந்த இடம் இப்ப கார் பார்க்கிங்.

ஐல் ஆஃப் மேன்ல மேடு அப்படியே இருக்கு, செயின்ட் ஜான்ஸ்ங்கிற ஊர்ல, நாலு அடுக்கா. 1979-ல டின்வால்டுக்கு ஆயிரமாவது ஆண்டுன்னு ராணியைக் கூப்பிட்டுக் கொண்டாடினாங்க. வருஷா வருஷம் புதுச் சட்டங்களை அந்த மேட்டுல இங்கிலீஷ்லயும் உள்ளூர் மொழியான மேங்ஸ்லயும் அறிவிப்பாங்க. ஒரு சட்டம் நிறைவேறி 18 மாசத்துக்குள்ள அந்த மேட்டுல அறிவிக்கலைன்னா அது செல்லாது. அதோட அன்னைக்கு குறை இருக்கிற எந்தக் குடிமகனும் மேட்டடிக்கு வந்து நேரா மனு குடுக்கலாம்.

கறுப்புக் கோட்டு | 5 ஜூலை 2023, இரவு 7:48

18 மாசத்துல செல்லாதா? நம்ம ஊருக்கு வந்தா எனக்கு ரெண்டு தலைமுறைக்குக் கேஸ் இருக்கு.

ஒஸ்லோக் குளிர் | 6 ஜூலை 2023, காலை 4:55

மனு குடுக்கிறவைக்கு அங்க சாக் நம்பர் குடுப்பினமோ?